ஒரு வார்த்தை மூன்று வாரமாக ஏன் மனதைவிட்டுப் போகவில்லை?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. வேலையிடத்தில் மேலாளர் ஒரு குறை சொன்னார். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாராவது பாராட்டினால் அன்று மாலைக்குள் மறந்துபோகிறது, குறை சொன்னால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. "நான் நெகட்டிவான ஆளா? இதை மாற்ற முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு, ஓரளவு முடியும். குறை முதலில் கண்ணில் படுவதை யாராலும் நிறுத்த முடியாது, அதோடு மல்லுக்கு நிற்பது வீண். பட்ட பிறகு அதை என்ன செய்கிறோம், பக்கத்தில் கிடக்கும் நல்லதை என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

மேலே போகுமுன் உங்கள் கேள்வியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். மேலாளர் சொன்னது வார்த்தை மாறாமல் இருக்கிறது: "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே." அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைச் சொன்னது, பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தது, நீங்கள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது, எல்லாம் இருக்கிறது. அப்புறம் கடைசியில் ஒரே ஒரு வரி: "மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போகிறது." மூன்று வாரத்து வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது. அந்த வரிக்குத் திரும்ப வருவேன்.

நான் இப்போது உளவியல் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன் எட்டு வருடம் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். ஒருமுறை நான் திருத்திய முந்நூறு பக்க நாவல் அச்சாகி வந்தது. ஆசையாகக் கையில் எடுத்து, விரலுக்கு அகப்பட்ட பக்கத்தைப் பிரித்தேன். "அவள் மனம் கலங்கியது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மணம் கலங்கியது" என்று இருந்தது. இரண்டு சுழி வர வேண்டிய இடத்தில் மூன்று சுழி. பக்கம் 112, கீழிருந்து நான்காவது வரி. இத்தனை வருடம் கழித்தும் அந்த வரி கண்ணுக்குள் நிற்கிறது. அதே புத்தகத்தில் நான் பிடித்துத் திருத்திய பிழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட இப்போது என்னால் சொல்ல முடியாது. எழுதியவர் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால், "நன்றி சொன்னார்" என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். கெட்டதை விவரத்தோடு எடுத்து வைத்துக்கொள்கிறோம். நல்லதைத் தலைப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறோம். விவரம் உள்ளது மறுபடி மறுபடி கண்முன் ஓடும். தலைப்புக்கு ஓடுவதற்கு ஒன்றும் இல்லை.

உளவியலில் இதை எதிர்மறைச் சாய்வு என்கிறோம். 2001-ல் பால் ரோசின், எட்வர்ட் ராய்ஸ்மன் என்ற இருவர் இதை விரிவாகப் பிரித்து எழுதினார்கள். அதே ஆண்டில் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வு செய்தவர்களும் உறவு, கற்றல், உணர்ச்சி, நினைவு என்று பல துறை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஏறக்குறைய எல்லா இடத்திலும் நல்லதைவிடக் கெட்டதற்கே பலம் அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நாம் சொல்வோமே, ரோசின் விளக்கியவற்றில் ஒன்று அதேதான். ஒரு துளி விஷம் குடத்தையே கெடுக்கும். ஒரு குடம் விஷத்தை ஒரு துளி பால் எதுவும் செய்யாது.

ரோசினும் ராய்ஸ்மனும் சொன்ன இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கெட்டதை நாம் நல்லதைவிட நுணுக்கமாகப் பிரித்து அறிகிறோம். வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். குத்துகிறது, குடைகிறது, சுள்ளென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, கடுக்கிறது, இழுக்கிறது. வலி இல்லாத உடம்புக்கு எத்தனை சொல் இருக்கிறது? "நன்றாக இருக்கிறேன்." அவ்வளவுதான்.

ஏன் இப்படி அமைந்தோம் என்பதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழத்தைத் தவறவிட்டவனுக்கு மறுநாள் இன்னொரு பழம் கிடைக்கும். பாம்பைத் தவறவிட்டவனுக்கு மறுநாளே இல்லை. அதனால் ஆபத்தை முந்திக் கவனித்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். இதில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. இது பிறவிக் கோளாறு அல்ல, காவல் வேலை என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும். காவல்காரன் கூப்பிடுவது தப்பில்லை. "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே" என்பதற்கும் பாம்புக்கும் அவன் ஒரே குரலில் கூப்பிடுவதுதான் சிக்கல்.

எடை போடுவதிலும் இது தெரிகிறது. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகையை இழக்கும் வருத்தம் அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்று காட்டினார்கள். 1992-ல் அவர்கள் கணக்கிட்டபோது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்தது. அந்த எண் ஆளுக்கும் சூழலுக்கும் தகுந்தபடி மாறும், அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்பது மட்டும் தெளிவு.

சாய்ந்த பிறகு மனதைத் திருப்புவதும் கடினம். ஆலிசன் லெட்ஜர்வுட், ஆம்பர் பாய்ட்ஸ்டன் இருவரும் எளிமையான ஒரு கணக்கு வைத்துப் பார்த்தார்கள். அறுநூறு பேர் உயிர் ஆபத்தில் இருக்கிறது, நூறு பேர் பிழைப்பார்கள், எத்தனை பேர் இறப்பார்கள்? பதில் சட்டென்று வந்தது. அறுநூறு பேரில் நூறு பேர் இறப்பார்கள், எத்தனை பேர் பிழைப்பார்கள்? அதே கழித்தல் கணக்குதான், ஆனால் இதற்கு அதிக நேரம் பிடித்தது. இழப்பு என்ற பாதையில் ஏறிய மனம் இறங்குவதற்குத் தாமதிக்கிறது. குறை கேட்ட நாளில் நண்பர் வந்து ஆயிரம் ஆறுதல் சொன்னாலும் தலைக்குள் ஏறாதது இதனால்தான். அவர் சொல்வது பொய் என்று தோன்றுவதில்லை, எட்டுவதில்லை.

சுற்றியுள்ள உலகமும் இந்தச் சாய்வை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு செய்திக்கும் வெவ்வேறாக வைத்துப் பார்த்த தலைப்புகள், மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல், அவற்றை அலசியது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், அதைத் திறந்து பார்க்கும் விகிதம் 2.3 சதவீதம் கூடியது. நல்ல சொல் கூடினால் குறைந்தது. தலைப்பு எழுதுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை, அழுத்தியவை நம் விரல்கள். ஆனாலும் இரவு படுக்குமுன் செய்தி பார்க்கும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். காவல்காரனை நாமே எழுப்பிவிட்டு, பிறகு தூக்கம் வரவில்லை என்று படுத்திருக்கிறோம்.

இன்னொரு ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "என் பிரச்சினைகள் தீர்ந்தால் இந்தக் குணமும் போய்விடும்" என்று பலர் நம்புகிறார்கள். 2018-ல் டேவிட் லெவரி, டேனியல் கில்பர்ட் முதலானோர் திரையில் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, நீலமா ஊதாவா என்று கேட்டார்கள். போகப் போக நீலப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு ஊதா என்று சொன்ன புள்ளிகளையே நீலம் என்று சொல்லத் தொடங்கினார்கள். இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தும், சரியாகச் சொன்னால் பணம் என்று அறிவித்தும் மாறவில்லை. மிரட்டும் முகம் எது, மிரட்டாத முகம் எது என்று கேட்டபோதும் இதே கதைதான். குறைகள் அருகும்போது குறை என்பதன் எல்லை விரிந்துவிடுகிறது. உங்களுக்கு உண்மையிலேயே எல்லாம் நன்றாகப் போகும் காலத்தில் ஒரு சின்ன வார்த்தை இத்தனை பெரிதாக உருவெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். "அதை நினைக்கவே கூடாது" என்று முயல வேண்டாம். 1987-ல் டேனியல் வெக்னர் சிலரை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார், நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. "பாசிட்டிவாக யோசி" என்ற அறிவுரை பலருக்குப் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வந்ததை மூடி வைத்துவிட்டு மேலே பூச்சு பூசச் சொல்கிறது அது.

இரண்டாவது, அசைபோடுவதை யோசிப்பது என்று நம்பிவிட வேண்டாம். இதில்தான் கெட்டிக்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் இப்படி இருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது ஏதோ வேலை நடப்பது போலவே இருக்கும். சூசன் நோலன்-ஹோக்சீமா தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த அசைபோடலுக்கே கொடுத்தவர். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தற்செயலாக அவர் மாணவர்கள் சிலரின் மனநிலையையும் அசைபோடும் பழக்கத்தையும் அளந்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி அளந்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது, ஏழு வாரம் கழித்தும்கூட.

யோசிப்பதா அசைபோடுவதா என்று கண்டுபிடிக்க என் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். கால் மணி நேரம் கழித்துக் கையில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு முடிவு, கேட்க வேண்டிய ஒரு கேள்வி, செய்ய வேண்டிய ஒரு வேலை. ஒன்றும் வரவில்லை என்றால் அது அசைபோடல். எழுந்து போய் வேறு எதையாவது செய்யுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரு தாளை எடுத்து, நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கருவி இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்குமோ அது மட்டும். "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே." அதற்குக் கீழே, அது உங்கள் காதில் என்னவாக விழுந்தது என்று எழுதுங்கள். "நான் மெதுவான ஆள் என்று நினைக்கிறார். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டார். இனி முக்கியமான வேலை எனக்கு வராது." முதல் வரி ஐந்து சொற்களுக்குள் முடிகிறது. இரண்டாவது வளர்ந்துகொண்டே போகும். மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்தது எந்த வரி என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையின் அடிப்படை இதுதான்: நடந்ததையும், அதன்மேல் மனம் ஏற்றிய பொருளையும் தனித்தனியாகப் பிரித்து, ஏற்றிய பொருளைச் சோதித்துப் பார்ப்பது. "இனி முக்கியமான வேலை வராது" என்பது ஒரு கணிப்பு. கணிப்பைச் சோதிக்கலாம். தேதி போட்டு எழுதி வையுங்கள், ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தீராக் கவலைக் கோளாறு உள்ள 29 பேரிடம் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் இதையே செய்தார்கள். கவலைகளை அவ்வப்போது எழுதி வைத்து, அவை நடந்தனவா என்று பிறகு சரிபார்த்தார்கள். 91 சதவீதம் நடக்கவே இல்லை. சிறிய குழுதான், ஆனாலும் தங்கள் கணிப்பு தவறியதைக் கண்ணால் அதிகம் பார்த்தவர்களுக்கே சிகிச்சையிலும் முன்னேற்றம் அதிகமாக இருந்தது. எழுதாவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. நடக்காத கவலையை மனம் சத்தமில்லாமல் மறந்துவிடும், கணக்கில் வைக்காது.

கவலை நேரம் பார்க்காமல் வருகிறது என்றால் அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். தாமஸ் போர்கோவெக் 1980-களில் பரிசோதித்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. இடையில் வருவதை "மாலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறித்து வைத்துவிட்டுக் கையிலுள்ள வேலைக்குத் திரும்ப வேண்டும். அடக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அடக்கும்போது வாசலைச் சாத்துகிறீர்கள், இதில் காத்திருக்கச் சொல்கிறீர்கள்.

இப்போது நல்லதின் பக்கம் வருகிறேன், என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். 2005-ல் மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். ஒரு வாரம், தினமும் இரவு, அன்று நன்றாக நடந்த மூன்றை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். செய்தவர்களின் மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் வரை தெரிந்தது. ஒரு வாரம் முடிந்த பின்னும் விடாமல் தொடர்ந்தவர்களுக்கே பலன் நன்றாக நின்றது. இதே வகைப் பயிற்சிகளைப் பற்றிப் பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் மிதமானதுதான், அற்புதம் எதுவும் இல்லை. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும்.

பலர் இதைத் தொடங்கி நாலாம் நாளே விட்டுவிடுவார்கள். காரணத்தை அவர்கள் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன். "குடும்பம். ஆரோக்கியம். வேலை." அடுத்த நாளும் அதேதான். இவை தலைப்புகள். தலைப்பை மனம் திருப்பி ஓட்டாது என்று முன்பே சொன்னேன். கெட்டதை எந்த அளவு நுணுக்கமாக வைத்திருக்கிறோமோ அதே அளவு நுணுக்கம் இங்கேயும் வேண்டும். "மீட்டிங் நன்றாகப் போனது" என்று எழுதினால் நிற்காது. "மூன்றாவது பக்கத்து அட்டவணையைக் காட்டியபோது, எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்தார். 'இது எனக்கு இப்போதுதான் புரிகிறது' என்றார். முந்தின நாள் அந்த அட்டவணையை இரண்டு முறை மாற்றிப் போட்டதால்தான் அது தெளிவாக வந்தது" என்று எழுதினால் நிற்கும். மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காததைக் கவனித்த அதே கண்தான் இவர் பேனாவைக் கீழே வைத்ததையும் பார்த்தது. பார்த்ததை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு மூன்று வராவிட்டால் ஒன்று போதும். ஒன்றானாலும் முழுதாக இருக்கட்டும்.

இதே விதியை மற்றவர்களிடமும் கடைப்பிடித்துப் பாருங்கள். யாரையாவது பாராட்டும்போது "சூப்பர்" என்று விட்டுவிடாமல், எது பிடித்தது, எந்த இடத்தில், ஏன் என்று சொல்லுங்கள். குறை சொல்லும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் விவரமாகச் சொல்கிறோம். டெரசா அமாபிலியும் ஸ்டீவன் கிரேமரும் 238 ஊழியர்களின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்து ஆராய்ந்தவர்கள். வேலையில் கொஞ்சமாவது முன்னேற்றம் கண்ட நாட்கள்தான் நல்ல நாட்களாக இருந்தன, ஆனால் சறுக்கல்கள் மனநிலையைத் தாக்கிய வேகம் அதைவிட அதிகம். விவரமான ஒரு பாராட்டு ஒருவருக்கு எத்தனை நாள் கூட வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த எழுத்தாளர் எனக்கு நன்றி சொன்னபோது எந்தப் பக்கத்தை நான் காப்பாற்றினேன் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால், பக்கம் 112-க்குப் பக்கத்தில் இன்னொரு பக்க எண்ணும் இன்று என் நினைவில் இருந்திருக்கும்.

நம்பிக்கை தரும் இரண்டு விஷயங்கள் உண்டு. மோசமான நினைவுகளோடு ஒட்டிய உணர்ச்சி, நல்ல நினைவுகளோடு ஒட்டியதைவிடச் சராசரியாக வேகமாகவே மங்குகிறது. மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இது சரியாக நடப்பதில்லை, மற்றவர்களுக்கு நடக்கிறது. அப்புறம், வயது ஏற ஏற இந்தச் சாய்வு தளர்வதாக லாரா கார்ஸ்டென்சனும் மாரா மாதரும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. வயதானவர்கள் நல்ல படங்களையும் நல்ல நினைவுகளையும் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. உங்கள் மேலாளர் தினமும் எல்லோர் முன்னாலும் கத்துகிறவராக இருந்தால், நான் சொன்ன நோட்டுப் புத்தகம் அதற்கு மருந்தே இல்லை. அங்கே மனம் கூப்பிடுவது சரியான காரணத்துக்காக, செய்ய வேண்டியது புகார் கொடுப்பதோ வேறு வேலை தேடுவதோதான். இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க மனம் கனத்தே இருந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் மாறிப்போனால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், அது வேறு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. உடனே மருத்துவரைப் பாருங்கள், நெருங்கிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, ஆனாலும் எழுத்தில் எல்லாம் தெரிந்துவிடாது.

மேலாளரிடம் நாளைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த முறை எந்தத் தேதிக்குள் கொடுத்தால் உங்களுக்கு வசதி?" பதில் ஒரு தேதியாக வரும். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அசைபோட அதிகம் மிச்சம் இருக்காது.

அப்புறம் அந்தக் கடைசி வரி, "மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போகிறது." இன்று இரவு அதை ஒரு தாளின் மேலே எழுதி, அந்த "எல்லாம்" என்ற சொல்லைப் பிரியுங்கள். இந்த மூன்று வாரத்தில் யார் என்ன சொன்னார், எங்கே நின்று சொன்னார், அப்போது உங்கள் கையில் என்ன இருந்தது என்று, மேலாளருக்குக் கொடுத்த அதே அளவு வரிகளைக் கொடுங்கள். விருப்பமிருந்தால் அதை எனக்கும் எழுதி அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.